ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் வியாதி

வாய்ப்பு என்ற சொல்லை நான் நம்புவதில்லை. யாராவது நம்மிடம் வந்து "உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு" என்று பல்லைக் காட்டினால், எதையோ நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அந்த வாய்ப்பு மின்னஞ்சலில் வந்தது. "மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கான தொழில்திறன் மேம்பாட்டு வாய்ப்பு." கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: பங்கேற்றுத் தேறாதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்ற பிறகு, ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் வருட ஒப்பந்தத்தில் வார்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எழுபது தாண்டியாயிற்று. காலையில் எழுந்து டை கட்ட எனக்கிருந்த ஒரே காரணம் அந்த வார்டுதான். அதைப் பிடுங்கிவிடுவேன் என்கிறது பொடி எழுத்து. வீட்டுக் கூரை அதிரக் கத்தினேன்.

"எனக்குப் படிப்பிக்கச் சொல்லித் தரப் போகினமாம்! நான் படிப்பிக்கத் தொடங்கேக்குள்ள உவை பிறக்கவே இல்லை!"

என் மனைவி பவானி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஏனப்பா இப்பிடிக் கத்துறியள்? ஒரு நாள் போய் இருந்திட்டு வாங்கோவன். இல்லாட்டி வீட்டில நில்லுங்கோ, ஃபேன் துடைக்க ஆளில்லை."

போனேன்.

பயிலரங்கை நடத்தியவள் டாக்டர் மாலதி. என்னிடம் படித்தவள். பின்வரிசையில் ஒல்லியாக நின்ற ஒரு முகமாகத்தான் நினைவிருந்தது. பெயர், அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. (வகுப்பில் நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய், கண்ணாடி", "ஏய், குட்டை" என்று அடையாளம் சொல்லியே காலத்தை ஓட்டியவன்.)

முதல் வேலையாக, நாங்கள் ஒவ்வொருவரும் இன்று என்ன பழமாக உணர்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். மனித உடலை அறுத்துத் தைத்துப் பிழைத்த முதியவர்கள் வட்டமாக உட்கார்ந்து பழம் சொன்னோம். எலும்பு டாக்டர் ஒருவர் வெட்கத்தோடு ரம்புத்தான் என்றார். என் முறை வந்தது. "டுரியான். முள்ளோடு தலையில் விழுவேன்" என்றேன். கோபத்தில் சொன்னேன். கை தட்டினார்கள்! ஒரு மனிதன் நிம்மதியாகக் கோபப்படக்கூட இடமில்லாத கூட்டம் அது.

அடுத்து மஞ்சள் ஒட்டுக் காகிதம். இன்றைய நாளில் உங்கள் எதிர்பார்ப்பை எழுதுங்கள். "சீக்கிரம் முடிப்பது" என்று எழுதினேன். மாலதி அதைச் சத்தமாக வாசித்து, "நேர்மைக்கு நன்றி சார்" என்று சுவரில் ஒட்டினாள். அந்தக் காகிதம் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே நாள் முழுதும் அங்கே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பரீட்சை. ஒவ்வொருவரும் மற்றவர்கள் முன் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எனக்கு வந்தது கட்டில் பக்கத்து வகுப்பு. மாணவன் நோயாளியிடம் விவரம் கேட்பான். நான் பொறுமையாகக் கவனித்து, அவன் மனம் நோகாமல் குறை நிறை சொல்ல வேண்டும். மாணவனாக நடித்தவர் டாக்டர் லிம். இவரும் என்னிடம் படித்தவர்தான், இன்று அதே கல்லூரியில் அறுவை சிகிச்சை ஆசிரியர். நோயாளியாக நடிக்க வந்தவர் சரோஜா அக்கா. ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பாக்கிங் வேலை. கோயில் திருவிழா நாடகங்களில் மேடை ஏறியவராம். கட்டிலில் படுக்கும்போதே ஒரு மகாராணி படுப்பதுபோலத்தான் படுத்தார்.

"சார், அக்கா தமிழ்லதான் பேசுவாங்க. தேவைப்பட்டா நான் மொழிபெயர்க்கிறேன்" என்றாள் மாலதி.

எனக்கு வந்ததே கோபம். "மொழிபெயர்ப்பா? எனக்கா? அம்மா, என் அப்பா தோட்டத்துக் கிராணி. தோட்டத்துத் தமிழ் எனக்கு அத்துப்படி!"

இது பொய். அப்பா கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தது உண்மை. ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்து வம்சம். எங்கள் வீடு தொழிலாளிகளின் லயங்களைவிட்டு ஒதுங்கி மேட்டில் இருந்தது. "உந்தத் தோட்டத்துப் பேச்சு வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்பது அப்பாவின் சட்டம். பள்ளிக்கூட வயது வந்ததுமே என்னைத் தைப்பிங்கில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தோட்டத்துத் தமிழில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் பொறுக்கிய சில சொற்கள். அதில் முதன்மையானது "பெரட்டுது". குமட்டுகிறது என்று பொருள். எங்கள் வீட்டில் வாந்தியைச் சத்தி என்போம். ஆகவே பெரட்டு என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருந்தது எனக்குப் பெரிய பெருமை.

லிம் மலாய் மொழியில் பணிவாக ஆரம்பித்தார். இரண்டு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார். பொறுமையாகக் கவனிக்க வேண்டிய நான் அவரைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"சொல்லுங்கள் அம்மா. என்ன தொந்தரவு?"

"காலையில பெரட்டுல தலை சுத்துது டாக்டர். கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

(படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குத்தான் அன்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்தில் பெரட்டு என்றால் விடியற்காலையில் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. சனங்கள் தொழிற்சாலைக்குப் போனபோது அந்தச் சொல்லையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள்.)

"எவ்வளவு காலமாகப் பெரட்டு?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேருந்தே இருக்கு டாக்டர்."

"தினமுமா?"

"தினமும் லா. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல."

நான் நிமிர்ந்து சபையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் வியாதி! கேள்விகளைக் கூர்மையாக்கினேன்.

"பொது விடுமுறையில்?"

"அதுக்கும் இல்ல. தீபாவளிக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்புல கிடையாது."

"பெரட்டு சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?"

"அதெல்லாம் யாரு பார்க்கிறா? மணி அடிச்சா பெரட்டு."

"மணி அடித்தாலா?"

"ஆமா. சூப்பர்வைசர் அடிப்பாரு."

"வீட்டில் வேறு யாருக்காவது?"

"வீட்டுக்காரருக்கு முந்தி இருந்துச்சு. ரிட்டையர் ஆனதும் நின்னுருச்சு."

பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் என்றுதான் நினைத்தேன். மாலதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையை உயர்த்தி அடக்கினேன். (நான் கையை உயர்த்தினால் வார்டில் ஈ பறக்காது.) பெண், காலைக் குமட்டல், தலைசுற்றல். எந்த முதலாண்டு மாணவனும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"கடைசியாக மாதவிலக்கு எப்போது?"

மகாராணி சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். நடிப்பு அத்தோடு முடிந்தது.

"டாக்டர், எனக்குப் பேரப்புள்ள இருக்கு. பெரட்டுக்கும் அதுக்கும் என்ன லா சம்மந்தம்?"

இந்த இடத்திலாவது ஒரு சாதாரண மனிதன் நின்றிருப்பான். நான் பேராசிரியர். லிம் பக்கம் திரும்பினேன். "பார்த்தாயா, கண்ணாடி? மூளையை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தால் இப்படித்தான் மலாயில் சுகம் விசாரித்துக்கொண்டிருப்பாய். விடுமுறையில் வராத குமட்டல் வயிற்றில் இல்லை, தலையில் இருக்கிறது. இதற்குப் பெயர் வேலைக்கள்ளம். எழுதிக்கொள். நோயாளிகள் பொய் சொல்வார்கள்."

இதை நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னேன். துரதிர்ஷ்டவசமாக, தமிழில் வந்தது அந்த வேலைக்கள்ளம்தான்.

"யாரு வேலைக்கள்ளி?" சரோஜா அக்கா கட்டிலைவிட்டே இறங்கிவிட்டார். "லீவுக்கு எம்சி சீட்டு கேட்டு ஒரு டாக்டர் வாசல்ல நின்னிருப்பேனா நான்? மாலதி, இந்த ஐயாகிட்ட பெரட்டுன்னா என்னன்னு சொல்லு. இல்லாட்டி நான் வீட்டுக்குப் போறேன்!"

மாலதி சொன்னாள். ரத்த அழுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைப் பெரட்டில் நெடுநேரம் நிற்கும் பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது, அவ்வளவுதான் கேஸ். எழுதிக் கொடுத்த வசனத்தில் 'அசெம்ப்ளி' என்றுதான் இருந்ததாம். அக்கா தன் வாய்க்கு வந்த சொல்லைப் போட்டுக்கொண்டார். "எங்கே நிற்கும்போது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

சபை வெடித்துச் சிரித்தது. ரம்புத்தான் எலும்பு டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லது. எனக்குத் தெரியாத ஒரு சொல். வயதான மனிதனை இதற்காக அவமானப்படுத்துவதுதான் உங்கள் மேம்பாடா?" என்று கத்தினேன்.

லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார். "சார், உங்களுக்கு உண்மையாகவே அந்தச் சொல் தெரியாதா? உங்கள் காலை வகுப்பை நாங்கள் எல்லோருமே பெரட்டு என்றுதானே சொல்வோம். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லோரும். வார்டு ரவுண்டுக்குத் தமிழில் பெரட்டு என்று நினைத்துக்கொண்டே நான் டாக்டர் ஆனேன்."

சிரிப்பு நின்றது. நான் சபையைப் பார்த்துக் கேட்டேன். "யார் வைத்த பெயர்?"

"நான்தான் சார்" என்றாள் மாலதி. "எங்க அப்பா தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனவரு. சின்ன வயசுல அவரோட பெரட்டுக்குப் போயிருக்கேன். கிராணி பேரு கூப்பிடுவாரு, லேட்டா வந்தவங்களை எல்லார் முன்னாடியும் ஏசுவாரு. உங்க வார்டுல மொத நாள் வரிசையா நிக்க வச்சீங்கல்ல, அப்பவே எனக்கு இதுவும் பெரட்டுதான்னு தெரிஞ்சுருச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் திருப்பிக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"ஆனா ஒன்னு சார். நீங்க இன்னிக்குச் சொன்னது முழுக்கத் தப்பில்ல. உங்க பெரட்டுன்னா எனக்கு நிஜமாவே பெரட்டும். வார்டு டாய்லெட்ல வாந்தி எடுத்துட்டு, மூஞ்சி கழுவிக்கிட்டு வந்து நிப்பேன். ஞாயித்துக்கிழமை வராது."

அந்த வரிசை நினைவுக்கு வந்தது. கட்டிலோரம் நிற்கும் பிள்ளைகள், நடுவில் டையோடு நான், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, தெரியாதவனை நோயாளி முன்னால் கிழித்துத் தொங்கவிடுவது. மேட்டு வீட்டு ஜன்னல் வழியாக அப்பா விடியலில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட பையன் நான். அதை எங்கள் வீட்டில் 'ரோல்கால்' என்போம். அந்த வேலைக்குப் போகக் கூடாது என்றுதான் டாக்டருக்குப் படித்தேன். படித்து, அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறேன், ஸ்டெதஸ்கோப்போடு.

"இத்தனை வருஷமா ஒருத்தரும் ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்றேன். அப்போதும் எனக்குக் கோபம்தான். பாருங்கள், குற்றம் அவர்களுடையதாக இருந்தால் எவ்வளவு வசதி!

"எங்களை நிக்க வச்சுக் கேட்டீங்க சார். நீங்க நின்னு கேக்கல" என்றாள் மாலதி.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், முதலில் சரோஜா அக்காவிடம் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. "சரி சரி, விடுங்க ஐயா, டீக்கு வச்ச கறிபாப் ஆறுது" என்றார். பிறகு மாலதியிடம் போனேன். "அந்த டாய்லெட்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு என் மதிப்பீட்டுத் தாளை நீட்டினாள். மனம் நோகாமல் எழுதியிருந்தாள். முதலில் நிறை: "குரல் கடைசி வரிசை வரை கேட்கிறது." பிறகு முடிவு: தேறவில்லை, மீண்டும் வரவும்.

ஈப்போவிலிருந்து வீடு வரை காருக்குள் தனியாகக் கத்திக்கொண்டே வந்தேன். மாலதியைத் திட்டவில்லை. யாரைத் திட்டினேன் என்று வழியில் ஒரு சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்தவருக்குத் தெரியும், நான் கார்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பவானியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ளை சத்தி எடுத்ததே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இருவரும் சாப்பிடவில்லை.

மறுபடியும் போனேன். மறுபடியும் பழம் கேட்டார்கள். (வாழைப்பழம் என்றேன். உரிக்கச் சுலபம்.) மறுபடியும் தேறவில்லை. மூன்றாம் முறை மாலதி கையெழுத்துப் போட்டாள். மாணவனை நான் ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை. அதற்காக வாய்க்குள் மிட்டாய் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது என் வார்டில் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பெயர்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். தெரியாது என்று சொன்னால் தெரியாது என்று விட்டுவிடுகிறேன், கோபம் வந்தாலும். (வருகிறது. தினமும் வருகிறது.) சில மாதங்களுக்கு முன் மாலதியைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன், இப்போது பிள்ளைகள் என் வகுப்பை என்ன சொல்கிறார்கள் என்று.

"பெரட்டுதான் சார்" என்றாள். "பேரு ஒட்டிக்கிச்சு. ஆனா இப்ப யாரும் டாய்லெட்டுக்குப் போறதில்ல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோயிலுக்குக் கிளம்ப நான் குரல் கொடுத்தால் மகள் "எல்லாரும் வாங்க, பெரட்டு" என்கிறாள். பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதுபோல் நடிக்கிறார்கள். நான் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறேன், சிரிக்காமல் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நான் எதற்காவது கத்த ஆரம்பித்தால், பவானி பூண்டிலிருந்து நிமிராமலே சொல்வாள்:

"இண்டைக்கு ஞாயிறு அப்பா. உங்களுக்கு லீவு."