சிவப்புப் பொட்டு வேட்டை

"அந்தப் பெட்டியில செவப்பா என்ன எரியுது?" என்று கேட்டுக்கொண்டே ஊர்க்காவலன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

முருகம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்து மகள் சினேகாவின் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது ஸ்டெபிலைசருங்க. ஏசிக்கு மாட்டுனது."

"ஏசியே ஓடல. இது மட்டும் எதுக்கு ஓடுது?"

"அதைத்தான் நானும் கேக்கேன். ஏசி ஏன் ஓடல?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே இறங்கினார் மனுஷன்.

ஏழு மாத வயிற்றோடு சினேகா தலைப்பிரசவத்துக்கு எம். புதுப்பட்டிக்கு வந்து ஆறு நாளாகிறது. வளைகாப்பு அன்றைக்கே சம்பந்தியம்மாள் சபையில் வைத்துக் கேட்டுவிட்டார், "கத்திரி வெயில் வருது. உங்க வீட்டுல ஏசி இருக்கா? இல்லாட்டி புள்ளை எங்ககூடவே இருக்கட்டும்" என்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்காவிட்டால் சொந்தக்காரர்கள் மத்தியில் தலைகாட்ட முடியுமா? ஊர்க்காவலன் ரோஷக்காரர். மறுநாளே சிவகாசிக்குப் போய் ஏசி வாங்கி மாட்டிவிட்டார். மாட்ட வந்தவன் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினான். அதோடு சரி.

தடை போட்டது கரண்டு பில். போன கோடையில் ஐநூறு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டியதற்கே பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏசி போட்டால் என்னாகும் என்று பயந்துகொண்டிருந்தவரிடம், கம்பெனி கேட் வாட்ச்மேன் சீனிச்சாமி பேப்பரைப் பார்த்து ஒரு சேதி சொன்னான்.

"அண்ணே, ரிமோட்ல அணைச்சாலும் டிவி கரண்டு திங்குமாம். செவப்புப் பொட்டு எரிஞ்சா உள்ள ஓடிக்கிட்டே இருக்குன்னு அர்த்தமாம்."

வேறு ஆளாக இருந்தால் 'அப்படியா' என்று கேட்டுவிட்டுப் போயிருப்பான். ஊர்க்காவலன் பட்டாசுக் கம்பெனி போர்மேன். இருபத்தாறு வருடமாக, மருந்து கலக்கும் அறையில் கரண்டுக் கம்பியே இல்லாத இடத்தில் வேலை. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, செல்போனை கேட்டிலேயே வாங்கி வைப்பவர். சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அவர் கை தானாக மணல் வாளியைத் தேடும். செருப்பை கம்பெனி வாசலில் கழற்றத் தெரிந்த மனுஷனுக்கு, அந்தப் புத்தியை வீட்டு வாசலில் கழற்றத் தெரியவில்லை.

"மொதல்ல ஒழுகுற கரண்டை அடைப்போம். அப்புறம் ஏசி" என்று அறிவித்தார். ஏசி ரிமோட் பீரோவுக்குள் போயிற்று. பீரோ சாவி அவர் அரைஞாண் கயிற்றில் ஏறிற்று.

முதல் பலி டிவியும் அதன் கேபிள் பெட்டியும். பார்க்காத நேரமெல்லாம் சுவரில் இருக்கிற சுவிட்சையே அணைத்துவிடச் சொன்னார். அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்து, சேனலைத் தேடி எடுப்பதற்குள் மத்தியான சீரியலில் பாதி முடிந்துவிடும். முருகம்மாள் நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள், "உங்க டிவியை நீங்களே கும்பிட்டுக்கோங்க" என்று பக்கத்து வீட்டுக்கு சீரியல் பார்க்கப் போய்விட்டாள். மத்தியானத்தில் சினேகா தனியாகக் கிடந்தாள்.

அடுத்தது இன்டர்நெட் பெட்டி. அதில் ஐந்து பொட்டு. "அஞ்சு வாய் வச்சுத் திங்குது, பாரு!" என்று அலறி அதையும் பிடுங்கினார். சினேகாவின் புருஷன் பாண்டிமுருகன் சிவகாசியில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் மேனேஜர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் வீடியோவில் கூப்பிட்டுப் பெண்டாட்டியைப் பார்ப்பார். இனி அவள் செல்போன் நெட்டில்தான் பேச வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் போன் சூடேறி, சார்ஜ் சீக்கிரமே இறங்கியது.

அதனால் அவள் அடிக்கடி சார்ஜ் போட்டாள். சார்ஜரிலும் ஒரு பொட்டு இருந்தது.

"போனைக் கழட்டுன பெறகும் எரியுது தாயி" என்று பாசமாகச் சொல்லி, சார்ஜரையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். "சாயங்காலம் அப்பா வந்து தாரேன், என்னா?"

"சரிப்பா" என்றாள் சினேகா. அவளுக்கு அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பிள்ளை கொஞ்சம் வாயாடியாக இருந்திருக்கலாம்!

பிரிட்ஜில் இருந்தது பச்சைப் பொட்டு.

"பச்சைன்னா நல்லதுதானுங்க" என்று முருகம்மாள் மன்றாடினாள்.

"பொட்டுல என்னடி நல்ல பொட்டு, கெட்ட பொட்டு?"

பகலில் பிரிட்ஜ் நின்றது. பால் திரிந்தது, மாவு புளித்துப் பொங்கித் தரைக்கு வந்தது. கடைசியில், வாசலில் காலிங் பெல் சுவிட்சுக்குள் கடுகளவு ஒரு வெளிச்சத்தைக் கண்டுபிடித்து, அதன் வயரையும் உருவிவிட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சொன்னாலும் ஊர்க்காவலன் கொளுத்தியவன் பக்கம்தான் பேசுவார்.

அந்த வாரக் கடைசியில் அதிசயம் நடந்தது. காலையில் மீட்டரில் பார்த்த நம்பர், சாயங்காலமும் அப்படியே இருந்தது. மறுநாளும் அதே நம்பர்.

"ஏ முருகம்மா! ஓடியா! ஒரு யூனிட்டுகூட நகரல!"

அவள் வந்து பார்த்தாள். "காத்தாடி ஓடுது, மிக்சி ஓடுது, மோட்டார் ஓடுது. அதெல்லாம் எதுலங்க ஓடுது?"

"அதெல்லாம் கொசுறு. அம்புட்டையும் தின்னுக்கிட்டு இருந்தது இந்தப் பொட்டுகதான்."

"அப்ப ஏசியைப் போடுங்க. புள்ளை வேர்வையில நனைஞ்சு கெடக்கா."

இந்த இடத்தில் ஊர்க்காவலன் சரியென்று சொல்லியிருந்தால் அவரும் மனுஷர், இதுவும் குடும்பம். ஆனால் அவர் அந்த நம்பரை, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பெற்ற பிள்ளையோ உள்ளே விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பாடுபட்டு நிப்பாட்டுன நம்பரை நானே நகத்தவா? ஜூன் பதிமூணு ரீடிங் எடுக்க வருவாக. எடுத்துட்டுப் போகட்டும். அன்னைக்கே ஏசியைப் போட்டுருவோம். பிரசவம் அதுக்குப் பொறகுதானே?"

அதற்குப் பிறகு கம்பெனியில் இதே பேச்சுதான். "எங்க வீட்டு மீட்டரு மூச்சு விடாது" என்று லோடு ஏற்றுகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். ஏப்ரல் போயிற்று. கத்திரி வந்து, சுவரெல்லாம் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. சினேகா வெறுந்தரையில் தண்ணீரைத் தெளித்து அதன்மேல் படுத்தாள். "இன்னும் பத்து நாளுதான் தாயி", "இன்னும் அஞ்சு நாளுதான் தாயி" என்று அப்பா தினமும் சொன்னார்.

ஜூன் பத்தாம் தேதி மத்தியானம் பாண்டிமுருகன் பெண்டாட்டிக்கு போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். மாமியாருக்குப் போட்டார், அதுவும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. மாமனாருக்குப் போட்டார். அந்த போன் கம்பெனி கேட்டில், சீனிச்சாமியின் பெட்டிக்குள் பதினொரு தடவை அடித்து ஓய்ந்தது. ஒன்பது மாதக்காரி. மனுஷன் என்ன செய்வார்? காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தார்.

காலிங் பெல்லை அமுக்கினார். சத்தமில்லை. கதவைத் தட்டினார். முருகம்மாள் பக்கத்து வீட்டில் சீரியலுக்கு முன்னால் இருந்தாள். காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்து, பேண்ட் கிழிந்து, பின்வாசல் வழியாக உள்ளே ஓடினார். சினேகா தரையில் மயங்கிக் கிடந்தாள். தலைக்கு மேலே புது ஏசி, மேலே ஒட்டி வந்த பிளாஸ்டிக் நாடாகூட உரிக்கப்படாமல் சுவரில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "தண்ணிச் சத்து வத்திப்போச்சு. வயித்துல புள்ளைக்கு ஒண்ணுமில்ல, தப்பிச்சுது" என்றார் டாக்டரம்மா. தகவல் தெரிந்து ஊர்க்காவலன் பட்டாசு மருந்து ஒட்டிய கையோடு ஓடி வந்தபோது, சினேகாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, மாப்பிள்ளை! இன்னும் மூணே நாளுதான். ரீடிங் எடுத்த ஒடனே..."

பாண்டிமுருகன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "மாமா, புள்ளை பொறந்ததும் சொல்லி விடுறோம். அப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

சினேகா காருக்குள்ளிருந்து, "பிரஷர் மாத்திரையை மறக்காமப் போடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். கோபித்துத் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார். நடு ரோட்டில், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

பெண்ணைத் திருப்பிக் கூட்டிப்போன சேதி மறுநாளே சாத்தூர் வரைக்கும் போய்விட்டது. அத்தை, சித்தி, பெரியம்மா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள், "என்ன தாயி, ஒம் மகளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாகளாமே?" முருகம்மாள் பதில் சொல்லி மாளாமல், புருஷனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சோற்றுத் தட்டு மட்டும் சத்தத்தோடு வந்து விழுந்தது.

பதிமூன்றாம் தேதி ஊர்க்காவலன் லீவு போட்டார். காலையிலேயே மீட்டர் பெட்டியைத் துடைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டார். மகள் போனாள், மானம் போயிற்று, மிச்சமிருப்பது அந்த நம்பர் ஒன்றுதான். அதையாவது ஒருத்தன் பாராட்டிவிட்டுப் போக மாட்டானா என்று இருந்தது அவருக்கு.

ரீடிங் எடுக்கிற சங்கிலிமுத்து பத்து மணிக்கு வந்தான். மீட்டரைப் பார்த்தான். கையிலிருந்த மெஷினைப் பார்த்தான். மறுபடியும் மீட்டரைப் பார்த்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"அண்ணே, இது எம்புட்டு நாளா இந்த நம்பர்லயே நிக்குது?"

"ஏப்ரல் கடைசியில இருந்து தம்பி!" ஊர்க்காவலனின் நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு பொட்டு விடாம அம்புட்டையும் அணைச்சோம்ல! ஏசியை வாங்கி மாட்டி, அதைக்கூடத் தொடல. நீ எழுது, தைரியமா எழுது. எம்புட்டு கம்மியா வருதுன்னு இவளும் கேக்கட்டும்."

முருகம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். சங்கிலிமுத்து மெஷினில் எதையோ அமுக்கி, சீட்டைக் கிழித்து நீட்டினான்.

"மீட்டர் எப்பவோ செத்துப்போச்சுண்ணே, நின்னுபோன மீட்டருக்குப் பழைய பில்லோட சராசரியைத்தான் போடுவோம், நீங்க இந்த நாளெல்லாம் ராப்பகலா ஏசியைப் போட்டுருந்தாலும் இதே பில்லுதான் வந்திருக்கும்."