பிரகதீஸ்வரி கொட்டாவி விட்டால் மூடும் ரேடியோ

“ஐரோப்பாவுக்கு வடக்கால ஒரு தீவு இருக்கு. நான் இங்கன கொட்டாவி விட்டேன்னா, அங்க ரேடியோவை மூடிட்டுச் சாப்பிடப் போயிருவாங்க.”

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில், பொங்கல் விளையாட்டுப் போட்டிக்காகக் கூடிய தெருக்கூட்டத்தில் பிரகதீஸ்வரி இதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க முதலில் மூச்சு வர வேண்டுமே!

மூச்சு முதலில் திரும்பியது எதிர்வீட்டுத் திருப்பதிக்கு. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நம்பாதது அவருக்குப் பென்ஷன் மாதிரி, சாகும்வரை உண்டு.

“தங்கச்சி, பேச்சு இப்ப மைக்கைப் பத்தி. தீவைப் பத்தி இல்லை.”

“மைக்கைப் பத்தித்தான் அண்ணே சொல்றேன். கடல் தாண்டிப் பேர் வாங்குனவளுக்கு, கோணிச்சாக்குப் போட்டிக்கு மைக் பிடிக்கத் தெரியாதா?”

தெருவின் மைக் ஆதிகாலம் தொட்டுத் திருப்பதியிடம்தான். மியூசிக்கல் சேரையே “அறந்தாங்கி செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது” என்கிற ராகத்தில்தான் நடத்துவார். பிரகதீஸ்வரியோ கலெக்டர் ஆபீஸில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர். அவர் “வணக்கம்” என்று சொன்னால், கோபமாகப் போன் செய்தவன்கூட எதற்குச் செய்தோம் என்பதை மறந்து, நலம் விசாரித்துவிட்டு வைப்பான். பிறவியிலேயே பார்வை இல்லை. அந்த ஒரு காரணத்தைச் சொல்லித்தான் வருசா வருசம் மைக்கைத் தராமல் வைத்திருந்தார் திருப்பதி.

“ஜெயிச்சவங்க பேரைப் பார்த்துப் படிக்கணுமே தங்கச்சி!”

“பேச்சி என் காதுல படிப்பா. நான் வாயால சொல்லுவேன்.”

பேச்சி என்பது போனின் திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டும் குரலுக்குப் பிரகதீஸ்வரி வைத்த பேர். பேச்சி படிக்கிற வேகம் மற்றவர்களுக்கு உளுந்து கொட்டுகிற சத்தம். பிரகதீஸ்வரிக்கு அது தெளிந்த தமிழ். பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இன்டர்நெட் ரேடியோவில் அவர் உலகத்தைச் சுற்றினார், எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்கிற சத்தத்தில். ஒருநாள் அந்தத் தீவு ரேடியோவில் கால் வைத்தபோது, பக்கத்தின் மூலையில் இருந்ததைப் பேச்சி படித்தது: “லிசனர்ஸ், ஒன்று.”

அந்த ஒருவர் தாம்தான் என்று அவருக்கு விளங்கியது. கொட்டாவி விட்டு ரேடியோவை நிறுத்தி, மறுபடி போட்டால் அங்கே சத்தமே இல்லை. அக்கார்டியன் போடுகிற அந்தக் கிழவர் கடையைச் சாத்திவிட்டார்! அவர் பாஷை ஒரு சொல் புரியாது. அடிக்கடி இருமுவார். ஆகவே பேர் இருமல்காரர்.

இங்கிலீஷில் அவருக்கு மெயில் போட்டதும், ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் நாலு மணிக்கு உங்கள் பேரைச் சொல்கிறேன் என்று பதிலும் வந்துவிட்டது.

“ஆனா அண்ணே, பத்து நாளா ‘லிசனர்ஸ், ரெண்டு’ன்னு படிக்கிறா பேச்சி. எவனோ ஒரு களவாணி நடுவுல வந்துட்டான். அந்தத் தீவோட ராஜாவா இருக்கும்.”

“சரி, அந்த மெயிலை எவன் வேணும்னாலும் எழுதலாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, தெருவே கேக்க மைக்குல போடு. பேர் வந்துச்சுன்னா மைக் ஒனக்கு. வரலைன்னா இந்த ஜென்மத்துல மைக் பேச்சு எடுக்கக்கூடாது.”

“நாலு மணி முன்னப்பின்ன ஆகும். நெட் ரேடியோ ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு நேரத்துக்கு வரும். பழைய போன்னா ரொம்பப் பிந்தி வரும்.”

“பிந்தி வர்றதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா?” என்றார் டைம்கீப்பர்.

ஞாயிறு வந்தது, போட்டிகளின் முதல் நாள். குழாய் ஸ்பீக்கர் கட்டியாயிற்று, தெரு கூடியாயிற்று. திருப்பதி சட்டை வேர்வையில் ஒட்ட, தலையில் கம்பளிக் குல்லாயோடு வந்தார்.

“மார்கழிப் பனி” என்றார்.

“நாலு மணி வெயில்ல என்ன பனி? ரெண்டு வாரமா இதைக் கழட்ட மாட்டேங்குறாரு மனுசன், குளிக்கிறதுகூட இதோடதான்” என்றார் அவர் மனைவி அழகம்மாள்.

பிரகதீஸ்வரி மைக்கருகில் போனை வைத்தார். அக்கார்டியன் வழிந்தது. ஓர் இருமல். தெரு மூச்சைப் பிடித்தது. இருமல்காரர் வாய் திறந்தார். கூடவே பேச்சியும் திறந்தது.

“ரஞ்சிதா மெசேஜ்: அத்தை, அந்த டைம்கீப்பர் கெழம் இன்னும் மைக்கைப் பிடிச்சுத் தொங்குதா, கேள்விக்குறி. சிரித்துக் கண்ணீர் விடும் முகம். சிரித்துக் கண்ணீர் விடும் முகம். ரோஜாப்பூ.”

அறந்தாங்கியில் இருக்கும் அண்ணன் மகள் அனுப்பிய அன்பு, நாலு குழாய் வழியாக ஊருக்கே போயிற்று. அப்போது எழுந்த சிரிப்பில் கிளம்பிய காக்கைகள் கொடும்பாளூரில் போய்த்தான் இறங்கின.

“குடு இங்கிட்டு!” திருப்பதி போனைப் பிடுங்கினார். பார்த்தால் திரை கன்னங்கரேல் என்று இருந்தது. “என்ன இது, அணைஞ்சு கெடக்கு?”

“எனக்கு எதுக்கு வெளிச்சம்? வீண் செலவு. அடியோட கொறைச்சு வச்சிருக்கேன். தொடாதீங்கண்ணே!”

தொட்டார். “பட்டன், இருமுறை தட்டவும்” என்றது பேச்சி. பெரியவங்க சொன்னால் கேட்கணும் என்று இருமுறை தட்டினார்.

“ரஞ்சிதாவை அழைக்கிறது.”

ரேடியோ நின்றது. குழாயில் ரஞ்சிதா வந்தாள். “என்னத்தை, கெழம் மைக்கைக் குடுத்துருச்சா?”

“கெழம்தான் பேசுறேன்!”

ரஞ்சிதா வைத்துவிட்டாள். திருப்பதி ஆத்திரத்தில் போனின் பக்கவாட்டை இறுக்கிப் பிடித்தார். பேச்சியும் வாயை மூடிக்கொண்டது.

“போச்சு! பேச்சி இல்லாம எனக்கு இது தெரியாது.”

“வெளிச்சம் இல்லாம எனக்கும் தெரியலையே.”

“அப்ப ஒரு தடவையாச்சும் நாம ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்” என்றார் பிரகதீஸ்வரி. ஆனால் அவர் அசருகிறவரா? போனை வாங்கினார், இரண்டு சவுண்ட் பட்டன்களையும் சேர்த்து அழுத்தினார். பேச்சி உயிர்த்தது. விரல் ரேடியோப் பக்கத்துக்குத் தாவிற்று.

“லிசனர்ஸ், ஒன்று” என்று தெருவுக்கே படித்தது பேச்சி.

“கேட்டீங்களா? நான் வெளிய நிக்கிறேன், அப்பவும் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு!” என்றபடி ரேடியோவைப் போட்டார் பிரகதீஸ்வரி.

கடைசி இருமல் ஒன்று கேட்டது. நாற்காலி நகர்ந்தது. ‘டக்’. அவ்வளவுதான். இருமல்காரர் கடையைச் சாத்தியிருந்தார்.

கோலப் போட்டிக்கு வந்த பெண்கள் கோலப்பொடிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரகதீஸ்வரி தலையைத் தாழ்த்தவில்லை.

“சொல்லியிருப்பாரு. என் பேரு அந்தக் கடலைப் பார்த்துருச்சு. ஒங்களுக்குக் கேக்கலைன்னா அதுக்கு என் பேரு என்ன பண்ணும்?”

சேலையை உதறிக்கொண்டு, கைத்தடியைத் தட்டியபடி வீட்டுப்பக்கம் திரும்பினார்.

திருப்பதி மைக்கைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார். பழைய பஸ் ஸ்டாண்டு ராகம் புறப்பட்டது.

“இதனால் சகலருக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பிரகதீஸ்வரி தங்கச்சி சொன்ன தீவு, ரேடியோ, இருமல்காரர் அம்புட்டும்...”

நின்றுவிட்டார். வாய் மட்டும் திறந்தே இருந்தது. ஒரு கை மெல்ல எழுந்து குல்லாயோடு காதை அமுக்கியது.

“அம்புட்டும் என்னங்குறேன்? சொல்லித் தொலைங்களேன்!” என்றார் அழகம்மாள்.

குல்லாய் ஆகாயத்தில் பறந்தது. திருப்பதியின் இரண்டு காதிலிருந்தும் வெள்ளை ஒயர் தொங்கியது.

“அம்புட்டும் நெசம்! என் பழைய போன்ல இப்பத்தான்யா வந்துச்சு, என் ரெண்டு காதாலயும் கேட்டேன்! மொதல்ல தங்கச்சி பேரு, புதுக்கோட்டை... அதுக்கு அடுத்தாப்புல, நானும் மெயில் போட்டிருந்தேன்ல, என் பேரு!”