இஞ்சி டெய்லர் தைத்த கலியாணக் கோட்டு

ஐம்பதுகளில் கல்முனைக் கடைத்தெருவில் எவனுக்கும் தன் இஷ்டத்துக்கு வயிறு வளர்க்கும் உரிமை இருக்கவில்லை. இஞ்சி டெய்லர் விடமாட்டார்.

அங்குலத்தை நாங்கள் இஞ்சி என்றுதான் சொல்வோம். அந்த இஞ்சியால் இடுப்பை அளப்பார். அளவு கூடியிருந்தால் மற்ற இஞ்சியைத் தட்டிப்போட்டு, சீனியில்லாத தேத்தண்ணி குடிக்கச் சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஊருக்கே மறந்துபோனது. ஆளோ, ஊசிக்குச் சாரம் உடுத்திவிட்டது போல் இருப்பார்.

அரிசி மில் ஹாஜியார் ஒருநாள் சட்டையோடு வந்தார்.

"டெய்லர், இது சுருங்கிட்டு. கொஞ்சம் பிரிச்சு விடுங்க."

டெய்லர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சட்டை சுருங்கல்ல ஹாஜியார். நீங்கதான் விரிஞ்சிட்டீங்க. ராவைக்கி இறைச்சியும் புட்டும் நிப்பாட்டுங்க. மில்லுல தீட்டுற வெள்ளை அரிசிய வேணுமெண்டா வித்துக்கங்க. நீங்க தவிட்டோட குத்தின சிவப்பரிசி தின்னுங்க."

பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் பாவம். மெஷினை மிதித்தபடியே டெய்லர் சத்தம் போடுவார்: "அவருக்கு இன்னொரு பணிஸக் குடுக்காத! காற்சட்டையில இடமில்ல!" பணிஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிடும். பொறுக்கமுடியாமல் கடைக்காரர் நடுவில் சாக்குத் திரை கட்டினார். டெய்லர் கத்தரிக்கோலால் அதில் ஒரு ஓட்டை போட்டார்.

பிறகு ஏன் அவரிடமே போனோம் என்கிறீர்களா? அவர் தைத்த கோட்டைப் போட்டால் கோழிக் கள்ளன்கூட நீதவான் மாதிரித் தெரிவான்.

எனக்குக் கலியாணம் பேசிமுடித்ததும் நானும் துணியோடு போனேன். கந்தோரில் கதிரையை விட்டு எழும்பாத கிளாக்கர் நான். டெய்லர் என் இடுப்பில் நாடாவைச் சுற்றினார். மரணச் செய்தி கேட்டவர் போல "இன்னாலில்லாஹி" என்றார்.

கோட்டைப் போட்டுப் பார்க்கப் போன அன்று, பொத்தான் ஒரு கரையில் நின்றது, பொத்தான் ஓட்டை மறுகரையில் நின்றது. இடையில் நான் இருந்தேன்.

"காக்கா, பிழையாத் தச்சிட்டீங்களே!" என்றேன். மூத்தவர்களை அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்போம்.

"பிழையில்ல மகன். கோட்டு ரெடி. நீதான் இன்னும் ரெடியில்ல. கலியாணம் அடுத்த மாசம்தானே? மெலியிறதுக்கு அது காணும்."

செய்தி வீட்டுக்கு எட்டியது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"என்ட புள்ள மெலிஞ்சி போனா பொண்ணூட்டுக்காரர் என்ன நினைப்பாங்க? நான் சோறு போடல்ல எண்டு கதைப்பாங்களே! கோட்டப் பிரிச்சுத் தைங்க!"

"துணி முடிஞ்சி ராத்தா" என்றார் டெய்லர், கைகளை விரித்து. "ஒரு இஞ்சிகூட மிச்சமில்ல. உங்கட மகன்தான் குறையணும்."

அடுத்த விடியல் சுபஹு தொழுகை முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசலில் டெய்லர் நிற்கிறார். கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போய், கரைவலை இழுப்பவர்களிடம் என்னை ஒப்படைத்தார். அவர்கள் என்னைப் பார்த்து, "நல்லதாப் போச்சு, கயித்தக் கட்டிவைக்க ஒரு மரம் வந்திட்டு" என்றார்கள். சிரித்துச் சிரித்து வலையைக் கைவிடப் பார்த்தார்கள். நானும் இழுத்தேன். முதல் நாள் வலைதான் என்னைக் கடலுக்குள் இழுத்தது.

காலையில் குரக்கன் பிட்டு. பகலில் ஒரு கை சிவப்பரிசிச் சோறு, மீனாணம், முருங்கையிலைச் சுண்டல். இரவில் கஞ்சி. உம்மா களவாக நெய்ச்சோறு கொண்டுவந்து தருவார். விடிந்ததும் டெய்லர் என் கையை முகர்ந்து பார்ப்பார்.

"கோழி" என்பார். "பொரிச்ச கோழி." அன்றைக்கு இரண்டு வலை இழுக்கவேண்டும்.

மாப்பிள்ளை அழைக்க வந்த அன்று, பொத்தானும் ஓட்டையும் சந்தித்துக்கொண்டன. உம்மாவே வாய்பிளந்தார். ஊர்வலத்தில் நான் ஒரு கவர்னரைப் போல நடந்தேன்.

பெண்வீட்டில் சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து தின்பது அது. நெய்ச்சோறும் கோழியும் மலைபோல் இருந்தன. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வேறு யார்? நிற்கும்போது பொருந்திய கோட்டு, உட்கார்ந்ததும் மூச்சைப் பிடித்தது. ஒரு பிடி சோறு எடுத்தால் பொத்தான் பறந்து மாமனாரின் நெற்றியில் அடிக்கும். கையைத் தட்டின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

டெய்லர் யாருக்கும் தெரியாமல் என் முதுகுப் பக்கம் கையை விட்டார். உள்ளே ஒரு நூலைப் பிடித்து மெல்ல இழுத்தார். மடித்துவைத்திருந்த துணி விரிந்தது. கோட்டு பெருமூச்சு விட்டது, நானும் விட்டேன்.

"துணி முடிஞ்சி எண்டு சொன்னீங்களே, காக்கா!"

அவர் தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "உன்ட வாப்பா கேக்கக் கேக்க, வருசா வருசம் சட்டையப் பிரிச்சுப் பெருப்பிச்சுக் குடுத்தவன் நான்தான் மகன். வேணாம் எண்டு ஒரு நாள் சொல்லல்ல."

வாப்பா கடைத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்துபோய் அப்போது மூன்று வருசம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் டெய்லரும் ஒருவர்.

"இண்டைக்கி தின்னு" என்று, கோழியின் நெஞ்சுத் துண்டை என் பக்கம் தள்ளினார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகவே அதை ஆறுதலாக, நன்றாக மென்று தின்றேன்.