அக்குலீனா அத்தை வீட்டுச் சன்னலும் பன்னெண்டு மீனும்

மதிப்புக்குரிய ‘சன்னலோரம்’ பக்கத்து ஆசிரியர் சர்தானா அக்காவுக்கு,

யாகுத்ஸ்க்லேர்ந்து உங்க தீவிர வாசகி குன்னேய் பணிவோட எழுதுறது. இங்க நாங்க வேர்த்துக்கிட்டு சௌக்கியமா இருக்கோம். அங்க நீங்க வேர்க்காம சௌக்கியமா இருக்கணும்.

அக்கா, வீட்டுச் சூடு பத்தி நீங்க போட்ட பதிவு ஒண்ணு விடாம படிச்சிருக்கேன், சிலதை மனப்பாடமாவே சொல்லுவேன், மூணு தெர்மாமீட்டர் வச்சிருக்கேன், மனுஷனுக்கு இதமான சூடு இருபத்திரண்டுன்னு நீங்க சொன்னதைச் சுவத்துல எழுதி ஒட்டிருக்கேன். ஆனா வெளிய மைனஸ் நாப்பத்தாறு, எங்க வீட்டுக்குள்ள இருபத்தொன்பது. எங்கப்பா ஸ்பிரிதோன் குளிர்காலம் பூரா பனியனோடதான் உலாத்துவார். காத்துக்குன்னு வச்ச சின்னச் சன்னலை நான் திறந்தா வந்து சாத்துவார், குளிரை யாராவது வீட்டுக்குள்ள விருந்துக்குக் கூப்பிடுவாங்களான்னு கேப்பார்.

இதுல மேல்வீட்டு அக்குலீனா அத்தை, பள்ளிக்கூடச் சமையல்காரங்க, தன் வீட்ல பதினேழுதான் இருக்குன்னு வீட்டைச் சூடாக்கற வெந்நீர்க் குழாய் ஆபீசுக்குப் புகார் குடுத்துட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ஏன்னா ஒரே குழாய்தான் எங்க வீட்டு வழியா அவங்க வீட்டுக்கு ஏறுது. அவங்களுக்குச் சூட்டைக் கூட்டினா எங்க வீடு முப்பத்திமூணுக்குப் போயிடும், நான் அவிஞ்சே போயிடுவேன். அதனால அளக்கிற ஆள் வர்றதுக்கு முந்தின நாளே மூணு தெர்மாமீட்டரோட மேல போனேன். குழாய் கொதிக்குது அக்கா. சின்னச் சன்னல்தான் சரியா மூடல. எல்லாரையும் போல அவங்களும் பை நிறைய மீனை உறையட்டும்னு வெளிய தொங்கவிட்டிருக்காங்க, ஆனா கயித்தைச் சன்னல் இடுக்கு வழியா உள்ள இழுத்துக் கட்டியிருக்காங்க. அந்த இடுக்குல என் விரல் நுழையுது. சொன்னேன்.

“முப்பது வருஷமா இந்தக் கயிறு இப்படித்தான் தொங்குது. நேத்து வந்த தெர்மாமீட்டருக்குக் குளிருதுன்னா ஒரு சட்டை தச்சுப் போடு போ”ன்னுட்டாங்க.

மறுநாள் இன்னகென்டின்னு ஒருத்தர் வந்தார். அளந்தார், பதினேழு. என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் விட்டு ரெண்டாவது தடவையும் அளக்கணுமாம். அதுவரைக்கும் ஆபீஸ் ஆளைச் சும்மா உட்கார வைக்கலாமா, அத்தை பையை உள்ள இழுத்தாங்க, தொங்க ஒண்ணும் இல்லாததால சன்னலை நல்லா அழுத்திச் சாத்தினாங்க, ஒரு மீனை உறைஞ்சபடியே சீவிச் சீவி உப்பு மிளகோட வச்சாங்க. அவரும் வெக்கப்படாம முழுசையும் முடிச்சார். அப்புறம் அளந்தா இருபத்துமூணு. அவர் முள்ளைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்.

“உங்க வீட்டுக் குளிரை நாம இப்பதான் தின்னு முடிச்சோம்மா”ன்னார்.

அத்தை மீன் பையைக் கையில தூக்கிக்கிட்டாங்க. அப்புறம், மிச்சம் பதினொண்ணு பால்கனில இருந்தா பக்கத்து வீட்டுப் பூனை தின்னுடும், எங்க தொங்கவிடறதுன்னு கேட்டாங்க. எங்க வீட்டுச் சன்னல்லன்னு நான் முந்திக்கிட்டேன். அப்பா சின்ன வயசுல அவங்க கையால கஞ்சி வாங்கிக் குடிச்சவர், அவங்க மீன் கயித்தை அவுத்துட்டுச் சன்னலைச் சாத்த மனசு வரல. இப்ப எங்க வீட்ல இருபத்திரண்டு அக்கா, அச்சு அசலா நீங்க சொன்ன அதே இருபத்திரண்டு. எல்லாம் உங்க புண்ணியம்.

உங்க வீட்டுக் குழாய் அடைக்காம இருக்கட்டும், சன்னல் கைக்கெட்டற உயரத்துலயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க பதிவே கதின்னு கிடக்கும்
குன்னேய்

பி.கு.: அக்கா, இருபத்திரண்டுல எப்படி இருக்கீங்க நீங்கள்லாம்? நாலு நாளா ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் பல்லு கிட்டுது. பத்தொன்பது வருஷம் இருபத்தொன்பதுல வளந்த உடம்பு, அது உங்க பதிவைப் படிக்கல. அப்பா போர்வைக்குள்ளேர்ந்து என்கூடப் பேசறதில்ல. இந்தக் கடிதத்தையே மேல அத்தை வீட்ல உட்கார்ந்துதான் எழுதுறேன், இங்க இப்ப இருபத்தேழு, சொர்க்கம். அத்தைதான் புழுங்குதுன்னு சன்னலைத் திறக்க வர்றாங்க. நான் குறுக்க நின்னுக்கிட்டிருக்கேன்.