வால் மட்டும் பாக்கி

"தும்முச்சா, தும்மலையா அங்கிள்? ரெண்டுல ஒண்ணுதான் டிக் பண்ண முடியும்."

இத்ரிஸ் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் பாதுகாப்புப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷத்தில் ஒரு சோதனை அறிக்கையில்கூட அவர் பொய் எழுதியதில்லை. இப்போது ஒரு பூனைக்காகவா ஆரம்பிப்பது?

"ஒரே ஒரு தடவை தும்முச்சு," என்றார். "சின்னத் தும்மல்."

"எழுதிக்கிட்டேன். மூக்கு, தொண்டை, நுரையீரல், இதுல எது வந்தாலும் இனிமே எங்க கம்பெனி பணம் குடுக்காது அங்கிள். பாலிசிக்கு முன்னாடியே இருந்த கோளாறுன்னு ஆயிடும்."

"ஒரு தும்மலுக்கா?"

"ஒரு தும்மலுக்குத்தான். வேற ஏதாவது உதவி வேணுமா அங்கிள்?"

அந்தப் பெண்ணின் பெயர் ஜாஸ்லின். காப்பீட்டுக் கம்பெனியில் தொலைபேசியில் பேசுவதுதான் அவள் வேலை. எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் வைப்பாள். குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை.

அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரோஹாயா திரும்பிப் பார்த்தாள். புருஷனை அவள் அபாங் என்றுதான் கூப்பிடுவாள்.

"அபாங், பூனை இன்னும் வீட்டு வாசலையே மிதிக்கல. அதுக்குள்ள மூக்கு போயிடுச்சா?"

"நீ சும்மா இரு. எல்லாம் முறைப்படி நடக்கணும்."

"முதல்ல பூனைய நடக்க விடுங்க."

அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இத்ரிஸ் மனசுக்குள் இருந்தது வேறு. போன வருஷம் வரைக்கும் அந்த வீட்டில் தொம்பொக் என்று ஒரு பூனை இருந்தது. பதினோரு வருஷம் இருந்தது. ஒருநாள் காலையில் சமையலறை ஜன்னல் வழியாக ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தது. ஜன்னலுக்கு அடிக்க வாங்கிய கம்பி வலை கதவுக்குப் பின்னால் ஒரு மாசமாகச் சுருட்டியபடியே நின்றுகொண்டிருந்தது. சரியான அளவு ஸ்க்ரூ கிடைக்கட்டும் என்று அவர்தான் தள்ளிப்போட்டார். ஊரில் உள்ள லிஃப்ட்டுக்கெல்லாம் பாதுகாப்பு பார்த்த மனிதர்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. தொம்பொக்கின் சாப்பாட்டுக் கிண்ணத்தை ரோஹாயா வாராவாரம் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். எதற்கு என்று அவர் கேட்டதில்லை.

முந்தின வாரம்தான் மேடம் சியூ வீட்டில் அந்தப் பூனையைப் பார்த்தார்கள். நாலு அடுக்குமாடி புளோக் தள்ளி, ஏழாவது மாடி. தெருப் பூனைகளைக் காப்பாற்றி, கருத்தடை செய்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது அந்த அம்மாவின் வேலை. பெண் கொடுப்பவர்கள்கூட அவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள். உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு செம்மஞ்சள் பூனை நேராக வாசலுக்குப் போனது. இத்ரிஸ் கழற்றி வைத்திருந்த சப்பாத்துக்குள் தலையை விட்டது. அப்படியே தூங்கிப்போனது. அந்த ஊரில் பூனை செம்மஞ்சளாக இருந்தால் ஓயென் என்றுதான் பெயர் வைப்பார்கள். ரோஹாயா அங்கேயே வைத்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் இத்ரிஸ் பார்த்தார்.

அந்தப் பூனைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அதனால் முதலில் காப்பீடு, அப்புறம் பூனை என்று முடிவு செய்தார். மேடம் சியூவிடம் அவகாசம் கேட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தும்மல் நோயல்ல என்று நிரூபித்துவிட்டால் மூக்கு திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மேடம் சியூவைக் கெஞ்சி, பூனையை மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வைத்தார். வைத்தியர் நல்ல மனிதர். முழுசாகப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். தும்மலுக்குக் காரணம் மேடம் சியூவின் சாமி மேடை ஊதுபத்திப் புகை. மூக்கில் ஒரு கோளாறும் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று லேசாக மஞ்சள். இடது கண்ணில் கொஞ்சம் நீர்.

இத்ரிஸ் அதைப் பெருமையாக அனுப்பிவைத்தார். மறுநாளே ஜாஸ்லின் கூப்பிட்டாள்.

"கிடைச்சுது அங்கிள். மூக்கு அப்படியேதான் இருக்கும், ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். இப்போ பல்லும் கண்ணும் சேந்துடுச்சு."

"மூக்கை வாங்கத்தான் அனுப்பினேன்."

"தெரியுது அங்கிள். நீங்க ஏன் அனுப்பினீங்க?"

இத்ரிஸ் வைத்தியர் கடிதத்தின் நகலை மறுபடி மடித்து வைத்தார்.

"வர்ணனைன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றாள் அவள். "பூனை பாக்க எப்படி இருக்கும்?"

கேட்டதுதான் தாமதம், இத்ரிஸ் ஆரம்பித்துவிட்டார். வெயில் பட்டால் எப்படி மின்னும், நெற்றியில் எத்தனை கோடு, சப்பாத்துக்குள் தலையை விட்டு எப்படித் தூங்கியது, எழுப்பியபோது எப்படி முறைத்தது. யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார். மேடம் சியூ வீட்டு புளோக் எண் வரைக்கும் சொன்னார். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"அந்த சப்பாத்து விஷயத்தையும் எழுதிக்கிட்டியாம்மா? அதுக்கு ஏதும் வெட்டிடுவீங்களா?"

"இல்ல அங்கிள். அது சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன்."

பல்லையும் கண்ணையும் மீட்க அவர் அடுத்து எடுத்த முயற்சி புகைப்படங்கள். பூனை எவ்வளவு ஆரோக்கியம் என்பதற்குச் சாட்சியாகப் பதினான்கு படம் எடுத்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு, வரிசை எண் போட்டு, அடியில் குறிப்பும் எழுதி அனுப்பினார். பழைய பழக்கம் எங்கே போகும்?

மூன்றாவது படத்தில் பூனை விலாவை நக்கிக்கொண்டிருந்தது. தோல் போனது. ஐந்தாவதில் சோம்பல் முறித்து ஒரு காலைத் தூக்கியிருந்தது. நாலு காலும் மூட்டும் போயின. ஏழாவதில் இடது காது நுனி வெட்டியிருந்தது தெரிந்தது. கருத்தடை செய்த தெருப் பூனைக்கெல்லாம் அடையாளத்துக்கு அப்படி வெட்டுவது வழக்கம் என்று அவர் மன்றாடினார். பழைய காயம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒன்பதாவதில் அது வயிறு முட்டச் சாப்பிட்டு மல்லாந்து கிடந்தது.

"வயிறும் போச்சா?"

"உப்பல்னு மேலிடத்துல எழுதியிருக்காங்க அங்கிள். உங்களை ஒண்ணு கேட்டுக்குறேன். இனிமே எதையும் அனுப்பாதீங்க. கேள்வியும் கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் எழுதித்தான் ஆகணும்."

மனுஷன் கேட்டாரா? வீடு பாதுகாப்பானது என்று காட்டிவிட்டால் கம்பெனியின் மனசு இளகும் என்று நினைத்து, ஜன்னலில் இப்போது அடித்திருக்கும் வலையைப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு ஜன்னலுக்கு நாற்பத்தெட்டு ஸ்க்ரூ.

"நல்லா கெட்டியா போட்டிருக்கீங்க," என்றாள் ஜாஸ்லின். "எதுக்கு இவ்வளவு?"

இத்ரிஸ் தொம்பொக்கைப் பற்றிச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற வலையைப் பற்றியும், கீழே ஓடிப்போய்ப் பார்த்ததைப் பற்றியும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ரோஹாயா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு அங்கிள்," என்றாள் ஜாஸ்லின். "ஆனா இந்தப் பேச்சு பதிவாகுது. கீழ விழுந்தா வர்ற காயம் எதுக்கும் இனிமே கிடையாது. மன்னிச்சிடுங்க. வேற ஏதாவது உதவி…" என்று ஆரம்பித்து, அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

புதன்கிழமை மேடம் சியூ கூப்பிட்டார்.

"மிஸ்டர் இத்ரிஸ், ஒரு வாரம்னு கேட்டீங்க, மூணு வாரம் ஆச்சு. நான் வச்சிருக்கிறது பூனை, ஊறுகாய் இல்ல. சனிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் யாரு வந்து கேட்டாலும் குடுத்துடுவேன்."

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பணம் கிடைக்காத உறுப்புகளின் பட்டியல் இரண்டு பக்கம். இத்ரிஸ் பேனாவை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தார். கடைசியில் முகம் மலர்ந்தது.

"ரோஹாயா, இங்க பாரு. வால் இருக்கு. வாலுக்கு முழுப் பாதுகாப்பு."

ரோஹாயா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கைபேசியை எடுத்து, பன்னிரண்டாவது படத்தை அவர் முன்னால் வைத்தாள். அதில் ஓயென் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நடந்து போனது. அந்த ஊர்த் தெருப் பூனைகளில் பாதிக்கு இருப்பது போலவே, வால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முண்டு இருந்தது.

இத்ரிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். முண்டு வளரவில்லை.

அன்றைக்குத்தான் அவர் ஜாஸ்லினிடம் கத்தினார். வாழ்க்கையில் ஒரு லிஃப்ட் கம்பெனிக்காரனிடம்கூட அப்படிக் கத்தியதில்லை.

"மூக்கு இல்ல, பல்லு இல்ல, காது இல்ல, காலு இல்ல. மிச்சம் இருக்கிற வால் பூனைக்கே இல்ல. இப்படி ஒரு பூனைய யாரும்மா எடுப்பா?"

"நீங்க எடுக்கலேன்னா அது எங்க அங்கிள் போகும்?"

"எனக்கென்ன தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ரோஹாயா கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொம்பொக் போனது இன்சூரன்ஸ் இல்லாததால இல்ல அபாங்."

"தெரியும். வலை அடிக்காததால."

"அதுவும் இல்ல. ஜன்னல்ல புறா வந்து உக்காந்துச்சு. பூனைன்னா பாயும். பதினோரு வருஷம் உங்க மடியில கிடந்துச்சே, அதுக்கு எந்தக் கம்பெனி எழுதிக் குடுத்துச்சு?"

இத்ரிஸ் கோப்பியைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

"இந்த வீடு எனக்குத் தாங்கல," என்றாள் அவள். "போய்க் கூட்டிட்டு வாங்க. வர்றது வரட்டும்."

அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. பாலிசி எடுப்பதில்லை, பூனையை எடுப்பது. இவ்வளவு சின்ன முடிவுக்கா மூன்று வாரம்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டார். ரோஹாயா புதிதாக வாங்கிய கெம்போங் மீனை முள் எடுத்து, உப்புப் போடாமல் வேகவைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் நிமிர்ந்து இருந்தது. நாலு புளோக் தூரம், பத்து நிமிஷ நடை.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது கையிலிருந்த பூனைக் கூண்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். கதவுக் கீலில் ஒரு ஸ்க்ரூ லேசாக ஆடியது.

வழியில் திறந்துகொண்டால்? சாலையில் பாய்ந்துவிட்டால்?

கீழே இரும்புக் கடையில் அந்த அளவு இல்லை. சந்தைப் பக்கத்துக் கடையில் அளவு இருந்தது, நீளம் போதவில்லை. பஸ் ஏறி மூன்றாவது கடைக்குப் போனார். போகிற வழியில், பாலிசி வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று கம்பெனிக்குக் கூப்பிட்டார். வேறொரு பெண் எடுத்தாள்.

"ஜாஸ்லின் இன்னிக்கு லீவு சார். திங்கக்கிழமை கூப்பிடுங்க."

மூன்றாவது கடையில் சரியான ஸ்க்ரூ கிடைத்தது. அங்கேயே நின்று முடுக்கினார். கூண்டைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். எதுவும் அசையவில்லை. மனசு நிறைந்து நிமிர்ந்து பார்த்தால், கடைச் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து.

மேடம் சியூ வீட்டு புளோக்கை அவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபது. பாதித் தூரம் ஓடியிருந்தார். அறுபத்து மூன்று வயதில் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எப்படியிருக்கும்? லிஃப்ட் திறந்து ஒரு பெண் வெளியே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். அவர் உள்ளே நுழைய, கூண்டு கதவில் மாட்டிக்கொண்டது. அவள் தன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கூண்டைச் சாய்த்து உள்ளே தள்ளிவிட்டாள்.

"எத்தனாவது மாடி?"

"ஏழு," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் கை நீட்டி ஏழாம் எண்ணை அழுத்தினாள். "வேற ஏதாவது உதவி வேணுமா அங்கிள்?"

இத்ரிஸ் மூடப்போன கதவைக் கையால் தடுத்தார். அப்படிச் செய்யவே கூடாது என்று முப்பத்து நான்கு வருஷம் ஊருக்குச் சொன்னவர்.

"ஜாஸ்லின்?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காலிக் கூண்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இத்ரிஸ் அங்கிளா? நீங்க வேணாம்னுட்டீங்கன்னு நினைச்சேன். யாரு எடுப்பான்னு கேட்டீங்களே, எனக்கு மனசே கேக்கல. அந்த சப்பாத்து விஷயத்தை எங்கம்மாகிட்டகூடச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கே வந்துட்டேன் அங்கிள். ஒருவேளை நீங்க வந்துடுவீங்களோன்னு பன்னெண்டேகால் வரைக்கும் மேடம் சியூ வீட்டுல உக்காந்திருந்தேன்."

தரையில் இருந்தது ஒரு துணிப் பை. சந்தையில் காய்கறி வாங்குகிற சாதாரணப் பை. வாய்ப்பக்கம் துண்டால் கட்டியிருந்தது. இடுக்கு வழியாக ஒரு செம்மஞ்சள் முகம் இத்ரிஸை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அவர் சப்பாத்தைப் பார்த்தது. பிறகு தும்மியது.

வீட்டில் மீன் ஆறிக்கொண்டிருக்கும். திருப்பிக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. மூன்று வாரம் இருந்தும் எடுக்காதவர் எந்த முகத்தோடு கேட்பது? வாயில் வந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"நீ எந்த பாலிசிம்மா எடுத்தே?"

ஜாஸ்லின் குனிந்து பையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டாள்.

"முதல்ல பூனை வீட்டுக்கு வரட்டும் அங்கிள். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."