மேற்படியார் கூட இல்லை

இந்தத் தேசத்தில் அச்சடித்த காகிதத்தை முழுசாக நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஓசூரில் புளி மண்டி வைத்திருந்தார். நாமெல்லாம் காகிதத்தில் கையெழுத்துப் போடுவோம். அவர் சத்தியம் செய்வார். கன்னடத்தில் கையெழுத்துக்கு ‘சஹி’ என்று பெயர். எல்லைப்புற ஊர் ஆனதால் அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். ஆகவே ஊர் அவருக்கு சஹியப்பா என்று பெயர் வைத்துவிட்டது. அசல் பெயர் மனைவி வெங்கடம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவர் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் தாலுகா ஆபீசில் நகல் குமாஸ்தா வேலை கிடைத்து, கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தேன். சஹியப்பா வீட்டு முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. வாடகைச் சீட்டில் ‘அமைதியாகக் குடியிருப்பேன்’ என்று வழக்கம்போல் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை பல் விளக்கிவிட்டு வந்தால், அவர் சீட்டும் பேனாவுமாக நிற்கிறார்.

“குமாஸ்தா, நீ குறட்டை விடறே. சீட்டுல அமைதின்னு இருக்குது. ரெண்டுல எது நெசம்?”

‘குறட்டை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் எனக்குக் காபி வந்தது.

அவருடைய கல்யாணக் கதையை வெங்கடம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று அச்சடித்து, கீழே இவர் பெயரைப் போட்டிருந்தார்களாம். சொந்தத்தில் ஆறு பேருடைய வரவை இவர் விரும்பவில்லை. அந்த ஆறு பத்திரிகையில் மட்டும் அந்த வரியை மசியால் அடித்துவிட்டு அனுப்பினார். ஆறு பேரும் முதல் நாளே வந்து, மூன்று நாள் இருந்து, பந்திக்குப் பந்தி முந்திச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னொரு தடவை ஒரு நிலக்கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். பத்திரத்தில் ‘மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்று இருந்தது. எல்லாப் பத்திரத்திலும் இருப்பதுதான். இவர் விற்கிறவரைத் திரும்பிப் பார்த்து, “மனப்பூர்வமாத்தானா?” என்று கேட்டார். அந்த மனுஷரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். கிரயம் நின்றது. வாங்க வந்தவர் சஹியப்பாவைக் கடைத்தெரு முழுக்கத் துரத்தினார். அதன் பிறகு சாட்சிக்கு ஆள் தேடுகிறவர்கள் எங்கள் தெரு வழியாக வருவதே இல்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுப் பின்கட்டுக்குத்தான் ராஜம்மா குடி வந்தாள். பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண். கணவன் மாதையன் பட்டாளத்தில் சிப்பாய். அவனை வடக்கே ஏதோ ஒரு மலை உச்சிக்கு அனுப்பியிருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடம். அப்படிப் பிரிந்திருக்கிற சிப்பாயின் மனைவி வாடகை வீட்டில் குடியிருந்தால் சர்க்கார் வீட்டு அலவன்ஸ் கொடுக்கும். அந்த அலவன்ஸை நம்பித்தான் அவள் மாமியார் வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லையே என்று அங்கே சொல்லிச் சொல்லியே அவளைக் கரைத்திருந்தார்கள். தகப்பனாக வேண்டியவன் மலை உச்சியில் இருக்கிறான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அலவன்ஸ் நின்றால் அவள் திரும்ப அங்கேதான் போக வேண்டும்.

அலவன்ஸ் வருவதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டின் சொந்தக்காரர் ஒரு சர்டிபிகேட்டில் கையெழுத்திட வேண்டும். அதாவது சஹியப்பா கையெழுத்திட வேண்டும்.

சர்டிபிகேட் இங்கிலீஷில் இருந்தது. என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார். மேற்படி சிப்பாய் மேற்படி மனைவியுடன் ‘வசிக்கவில்லை’ என்று, தன் அறிவுக்கு எட்டிய வரையில் சொந்தக்காரர் உறுதி கூறுகிறார். இதுதான் சரியான அர்த்தம். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, “உங்க அறிவுக்கு எட்டிய வரையில் மேற்படியார் கூட இல்லைன்னு போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அந்த அவசரத்துக்குப் பின்னால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் பின்கட்டுக்குப் போய் ராகிக் குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பரண்மேல் பார்த்தார். பிறகு ராஜம்மாவைக் கேட்டார்.

“இல்லியேம்மா?”

“இல்லீங்கய்யா. இருந்தா நல்லாத்தான் இருக்கும்.”

அன்றைக்கே சஹி போட்டார். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குதிரும் பரணும் தவறாமல் சோதனையாயின.

நான்காவது சர்டிபிகேட் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கினான் மாதையன். தோளில் படுக்கைச் சுருள், கையில் தகர டிரங்குப் பெட்டி, பதினைந்து நாள் லீவு. மனைவியைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சஹியப்பா வாசற்படியில் இரண்டு நிலைக்காலையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாங்க தம்பி. நல்லா இருக்கறீங்களா? உள்ள வரக் கூடாது.”

பட்டாளத்துக்காரன் ஆகையால் மாதையன் காரணம் கேட்காமல் நின்ற இடத்தில் நின்றான். ராஜம்மா ஓடி வந்து இவருக்குப் பின்னால் நின்றாள். இவருடைய கக்கத்துக்குக் கீழே கிடைத்த சந்தில்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க கூட இல்லைன்னு போன வாரந்தான் சஹி போட்டிருக்கறன். அது மூணு மாசத்துக்குச் செல்லும். இப்ப நீங்க கூட இருந்தீங்கன்னா என் சஹி பொய்யாப் போவும். பொய்யாப் போனா அலவன்ஸ் நிக்கும். நின்னா இந்தப் பொண்ணு மாமியார் வூட்டுக்குப் போவணும். நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“எத்தன தூரம் தள்ளி இருக்கணுங்க?” என்று கேட்டான் மாதையன், ஏதோ குண்டு வெடிக்கிற இடத்தைக் கேட்பதுபோல.

சஹியப்பா யோசித்து, என் முன்னறை வேறு வாடகைச் சீட்டில் வருகிறது என்று கண்டுபிடித்தார். டிரங்குப் பெட்டி என் அறைக்கு வந்தது. முன்னறையில் புருஷன், பின்கட்டில் பெண்டாட்டி, நடுக்கூடத்தில் காவலுக்குச் சஹியப்பா.

மாதையனுக்குக் கோபமே வரவில்லை. “ஹிந்துஸ்தானில ‘ஸஹி’ன்னா சரின்னு அர்த்தம் சார். தப்பில்லாத மனுசன்தான். ஆனா என் லீவு போவுதே” என்றான்.

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேருக்கும் நடுவே அவரே தூது போனார். ஆனால் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ தெரியாதவர் தூது போனால் எப்படி இருக்கும்? வந்து விறைப்பாக நின்றுகொண்டு ஒப்பிப்பார்.

“‘மொகம் கறுத்துப் போச்சே, ஒழுங்காச் சாப்புடறதில்லியா’ன்னு கேக்கறா. ‘ரசத்துல உப்பு போதுமா’ன்னு கேக்கறா. அப்புறம் ஒண்ணு சொன்னா. அதை நான் சொல்ல மாட்டன். ஆனா சொன்னாங்கறதைச் சொல்லாம வுட்டாப் பொய்யாப் போவும். அதனால, சொன்னா.”

மாதையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரித்தானா அழுதானா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். வசிப்பது வேறு, வந்துவிட்டுப் போவது வேறு. லீவில் வருகிற சிப்பாயைச் சர்க்கார் ஒன்றும் சொல்லாது. தப்பு என்னுடைய மொழிபெயர்ப்பில்தான் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அன்னிக்கு ஏன் ‘கூட இல்லை’ன்னே?”

“அவசரத்துல சொல்லிட்டேங்க.”

“நீ அவசரத்துல சொன்னே. நான் யோசிச்சுப் போட்டேன். காயிதத்துல என்ன இருக்குதோ எனக்குத் தெரியாது. நான் சஹி போட்டது நீ சொன்ன சொல்லுக்கு. அந்தச் சொல்லு இன்னும் மூணு மாசம் உயிரோட இருக்குது.”

வெங்கடம்மா சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தார். “நான் கைநாட்டு. எனக்கு இந்தத் தொல்லையெல்லாம் கெடையாது. நாளைக்கே அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிப் பின்கட்டுல வுடப் போறன். உங்க அறிவுக்கு எட்டாத எடமாப் பாத்து நீங்க போயி உக்காந்துக்கோங்க.”

கோபத்தில்தான் சொன்னார். ஆனால் சஹியப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. “குமாஸ்தா, அதுல ‘அறிவுக்கு எட்டிய வரையில்’னு இருக்குதுன்னு சொன்னியே. அந்தச் சொல்லாவது சரிதானே?” என்றார். அது சரிதான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை பையில் இரண்டு வேட்டியுடன் பக்கத்திலிருக்கிற பேரிகை என்ற ஊருக்குக் கிளம்பினார். அங்கே அவருடைய தங்கையைக் கொடுத்திருந்தது. புளி வரத்து மும்முரமாக இருந்த சமயம் அது. மண்டியை மேஸ்திரி கையில் விட்டுவிட்டார். தெருவில் நின்று எல்லோரும் கேட்கும்படி, “பன்னண்டு நாள் கழிச்சு வருவன். இங்க என்ன நடக்குதுன்னு யாரும் எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்” என்றார். பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.

வம்பு பேரிகையில் ஆரம்பித்தது. எதற்கு வந்தாய் என்று தங்கை கேட்டால் இவர் பொய் சொல்ல மாட்டார், உண்மையும் சொல்லக் கூடாது. “வூட்ல இருக்க முடியல, வந்துட்டன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டியோடு சேர்ந்தா இருக்கிறாய் என்று கேட்டதற்கு, “இப்போதைக்கு இல்லை” என்று பதில். அது உண்மைதானே. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த வெங்கடம்மாவைத் தள்ளிவைத்துவிட்டார் என்று பேரிகைச் சந்தையில் பேச்சாகிவிட்டது.

ஐந்தாம் நாள் தங்கையும் தங்கை புருஷனும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஓசூருக்குச் சமாதானம் பேச வந்து இறங்கினார்கள். நேரே கொல்லைப்பக்கம் போனார்கள். கிணற்றடியில் வாட்டசாட்டமான ஒரு மீசைக்காரன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கிறான். வெங்கடம்மா அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“யாரு அண்ணி இது?”

“இவரா? இவரு இங்க இல்ல.”

மாதையனும் தலையை ஆட்டி ஆமோதித்தான். நாத்தனார் அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் விளக்குவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. பேரிகையில் தங்கை புருஷன், “மச்சான், உங்க வூட்ல ஒரு மீசைக்காரன்” என்று ஆரம்பித்ததும் சஹியப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “பேடா, பேடா, சொல்ல வேணாம்” என்று கதறினாராம். எல்லாம் தெரிந்தே மனுஷன் இப்படி நொந்து கிடக்கிறாரே என்று பேரிகையே உச்சுக்கொட்டியது.

லீவு முடிந்து பஸ் ஏறுகிற அன்றைக்கு மாதையன் நடுக்கூடத்தில் யாருமில்லாத நாற்காலியைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் சஹியப்பா வந்தார். எதுவும் கேட்கவில்லை. ராஜம்மா தலையில் பூ வைத்திருந்தாள். அதையும் பார்க்காத மாதிரி போனார். தலைகுனிந்து சாப்பிட்டார். தங்கை வீட்டுச் சோற்றில் ஒரு சுற்று இளைத்திருந்தார்.

அடுத்த சர்டிபிகேட் வந்தபோது அவர் பின்கட்டுக்குச் சோதனைக்குப் போனார். ராஜம்மா கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் குதிருக்குப் பின்னால் பார்க்கவில்லை, பரண்மேல் பார்க்கவில்லை. திரும்பி என் அறைக்கு வந்தார்.

“குமாஸ்தா, நிதானமாப் படிச்சு அர்த்தம் சொல்லு. ஆபீசுக்கு நேரமானாலும் பரவாயில்ல.”

“மேற்படியார் மேற்படி மனைவியுடன் வசிக்கவில்லை.”

“வசிக்கல. நெசந்தான்” என்று சொல்லிச் சஹி போட்டார். பிறகு கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னார்.

பிள்ளை பின்கட்டிலேயே பிறந்தது. ஆண் குழந்தை. வீட்டில் பிறந்தால் பஞ்சாயத்து ஆபீசில் போய்ப் பதிய வேண்டும். அன்று ஞாபகத்தோடு என்னையும் கூட்டிப் போனார், எழுதுவதைச் சரிபார்க்க. அங்கே இருந்த எழுத்தர் புதுசு, சஹியப்பாவைத் தெரியாது.

“கொழந்தையப் பெத்தவ பேரு?”

“ராஜம்மா.”

“நீங்க யாரு?”

“வீட்டுக்காரர்.”

எழுத்தர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டே போனார். கையெழுத்துக்குப் பதிவேட்டை இந்தப் பக்கம் திருப்பியதும் சஹியப்பா வழக்கம்போல் எழுத்தெழுத்தாகப் படித்தார். படித்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். தகப்பன் பெயர் என்கிற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

“நீங்கதான வீட்டுக்காரர்னு சொன்னீங்க” என்றார் எழுத்தர். வாடகை வாங்குகிறவருக்கும் தாலி கட்டியவருக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்தவர்களை என்ன செய்வது? நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். எழுத்தர் அடித்துவிட்டு மாதையன் என்று எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

“தகவல் குடுக்கறவரு கொழந்தைக்கு என்ன உறவுன்னு எழுதணும். நீங்க என்ன உறவு?”

சஹியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“உறவு இல்லைன்னா அந்நியர்னு போட்டுடறன்.”

ஒரு சர்டிபிகேட்டுக்கே மூன்று நாள் யோசித்தவர். எனக்குப் பழக்கம்தான், பெஞ்சில் சாவகாசமாக உட்காரப் போனேன். உட்காருவதற்குள் அவர் குரல் கேட்டது.

“தாத்தான்னு போடு.”

எழுத்தர் போட்டார். இவர் பேனாவை வாங்கினார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்காமல் சஹி போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டைப் பார்க்க நடந்தார்.

அந்த வரி பொய் என்று யாராவது இன்றைக்கு வந்து சொன்னால், அதற்குக் கீழே சாட்சியாக என் சஹியையும் போட்டுத் தருவேன்.