ஜேசுராஜ் போட்ட கோல்

பழைய காலேஜ் ஆட்டக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். வழியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தால் நீங்களும் நானும் தாண்டிப் போவோம். அவர் இரண்டடி பின்வாங்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, அதைச் சாக்கடைக்குள் உதைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

தேனி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த ஜேசுராஜ் இந்த இனத்தின் சுத்தமான வாரிசு. மதுரையில் ஒரு காலேஜுக்காக 1958இல் கால்பந்து ஆடினார். ஆடியது ஒரு வருஷம். பேசியது பதினாறு வருஷம்.

ஆணி வாங்க வந்தவர் இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா என்று கொஞ்சம் யோசித்தால் போதும்; தராசுப் படிக்கல் பந்தாகிவிடும், இரண்டு தாழ்ப்பாள்கள் கோல் கம்பங்களாகிவிடும், வந்தவரின் தூக்குச்சட்டி கோல்கீப்பராக நின்றுவிடும்.

"கடைசி நிமிஷம். ஒண்ணுக்கு ஒண்ணு. உதைச்சேன் பாருங்க ஒரு உதை! அந்தக் கோல்தான் கோப்பையவே முடிவு பண்ணுச்சு. அதோட என் முட்டியும் போச்சு."

அந்த முட்டி இருக்கிறதே, அது சாதாரண முட்டி இல்லை. சாப்பிடப் போகும்போது வலிக்காது. பரணில் இருந்து பூட்டுப் பெட்டி இறக்க வேண்டுமென்றால் வலிக்கும். சில நாள் இடது, சில நாள் வலது. ஆகவே பதினாறு வருஷமாக ஏணியில் ஏறியது அவர் மனைவி சுகிர்தம். "காலேஜுக்காகக் குடுத்த முட்டில்ல!" என்று மேலேயிருந்தே பெருமையாகச் சொல்வாள்.

இப்படிப்பட்டவரை விடுவார்களா? ஊரில் கால்பந்து கிளப் ஆரம்பித்தபோது அவரையே தலைவராக்கினார்கள். துவக்க விழாவுக்குக் கோப்பை கொடுக்க உத்தமபாளையத்து அரிசி மில் முதலாளி சேக் பரீத் வந்தார். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த ஜேசுராஜை உற்றுப் பார்த்தவர், "ஏலே ஜேசு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"இவுகள எங்க காலேஜ் மறக்கவே மறக்காது! அன்னைக்கு எதிர்த்து ஆடுன எங்களுக்குக் கோப்பை வாங்கிக் குடுத்ததே இவுகதான். இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறுனத மறந்து, சேம் சைடு கோல் போட்டுட்டாக!"

விசில் பறந்தது. முன்வரிசையில் இருந்த சுகிர்தம் மட்டும் எழுந்து நின்றாள்.

"அண்ணே, முட்டியில அடிபட்டுச்சே, அது?"

"முட்டியா? அவுக டீமே வெரட்டுச்சு தங்கச்சி. ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓடுனாக. அடிபட்ட முட்டி அப்பிடி ஓடுமா?"

அப்போது ஜேசுராஜுக்கு நிஜமாகவே வலித்தது. பாவம், பிடித்துக்கொள்ள முட்டிகூட மிச்சமில்லை. தலைவர் பதவி போகவில்லை. போட்ட மாலையைக் கழற்றச் சொன்னால் நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை சுகிர்தம் ஏணியைப் பரணில் சாய்த்து வைத்தாள். திட்டவில்லை.

"ஏறுங்க."

ஏறினார். நன்றாகவே ஏறினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மேலதிகாரியை நேருக்கு நேர் கேட்டேன், வந்த வேலையை வேண்டாமென்று உதறினேன் என்று உங்களிடமும் ஒரு கோல் இருக்குமே? அடுத்த தடவை சொல்லுமுன் சபையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எதிர் டீம்காரர் யாராவது வந்திருக்கலாம். அவர் வராவிட்டாலும், ஏணியைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டம்மா நிற்கலாம்.